லா கைத்தானா கதையைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? அவள் நிஜமாகவே இருந்தாளா?

மொட்டைமாடி_மீனா:
வணக்கம். எங்கள் குடியிருப்பில் ஞாயிறு சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை மொட்டைமாடியில் உட்கார வைத்துக் கதை சொல்கிறேன் (சம்பளம் கிடையாது, சுண்டல் உண்டு). ராஜா ராணி கதையெல்லாம் தீர்ந்துவிட்டது. போன வாரம் கொலம்பியாவில் நெய்வா என்ற ஊரில் இருக்கிற ஒரு சிலையின் படம் கண்ணில் பட்டது, லா கைத்தானா என்ற பழங்குடித் தலைவியாம், ஸ்பானியர்களை எதிர்த்துப் போராடியவளாம். சரி, இதையே சொல்லலாம் என்று தேடிப் படித்தால் பாதியில் கை நடுங்கிவிட்டது. மகனை அவள் கண் முன்னாலேயே உயிரோடு எரிக்கிறார்கள். அவள் அந்த ஸ்பானியத் தளபதியைப் பிடித்துக் கண்ணைத் தோண்டி, தாடைக்கு அடியில் துளை போட்டுக் கயிறு கோத்து ஊர் ஊராக இழுத்துப் போகிறாள்.

என் கூட்டத்தில் கடைக்குட்டிக்கு ஏழு வயது. இதில் எதை வெட்டுவது, எதை வைப்பது? அப்புறம் இன்னொன்று, "இது நெசமா?" என்று நிச்சயம் ஒருத்தன் கேட்பான். அவனுக்கு என்ன சொல்ல?

பழையஏடு:
முதலில் நெசமா என்பதற்கு வருகிறேன். ஊர், ஆட்கள், சண்டை, எல்லாம் நிஜம். பெலால்காசர் என்ற ஸ்பானியத் தளபதி, போப்பயான் என்ற ஊரிலிருந்து மக்தலேனா ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியைக் கையில் வைத்துக்கொள்ள, பெத்ரோ தே அன்யாஸ்கோ என்பவனை அனுப்பினான். அவன் 1538 டிசம்பரில் திமானா என்ற ஊரை நிறுவினான், அந்த ஊர் இன்றும் இருக்கிறது. நீங்கள் சொன்ன கயிற்றுத் தளபதி இந்த அன்யாஸ்கோதான், அவன் அங்கிருந்த மக்கள் கையில் செத்ததும் நிஜம்.

கைத்தானா என்ற தாயைப் பற்றி நமக்கு விரிவாகச் சொல்கிறவர் ஹுவான் தே காஸ்தெயானோஸ் என்ற பாதிரியார். படைவீரனாக இருந்து பாதிரியார் ஆனவர், லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளில் அந்தப் படையெடுப்புகளின் வரலாற்றைச் செய்யுளாகவே எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த நூலின் முதல் பகுதி 1589-இல்தான் அச்சானது என்றால் இடைவெளியைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். திமானாவில் நடந்ததை அவர் நேரில் பார்க்கவில்லை, காதில் விழுந்ததைப் பாட்டாக்கினார். பின்னால் 17ஆம் நூற்றாண்டில் பெத்ரோ சிமோன் என்ற துறவி உரைநடையில் எழுதினார். அதனால் அவள் இருந்திருக்கலாம், ஆனால் அவள் பேசிய பேச்சு, அழுத அழுகை எல்லாம் கவிஞர் போட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஒன்று கவனித்தீர்களா, அவள் தரப்பிலிருந்து அந்தக் காலத்து எழுத்து ஒரு வரிகூட இல்லை.

ஆத்தங்கரை:
பழையஏடு சொன்னதன் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். எழுதினவன் ஸ்பானியன், அவனுக்கு மறக்காமல் இருந்தது கண்ணைத் தோண்டியதும் கயிறும்தான். மீனாக்கா, நீங்களும் மகனை எரித்ததை ஒரே வரியில் முடித்துவிட்டுக் கயிற்றுக்கு இரண்டு வரி கொடுத்திருக்கிறீர்கள், கோபிக்காதீர்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

என்கோமியெண்டா என்று ஒரு முறை. படையில் வந்தவனுக்குக் கூலியாக ஒரு ஊர் மக்களையே 'ஒப்படைத்து' விடுவார்கள். வரியும் அவனுக்கு, உழைப்பும் அவனுக்கு, பதிலுக்கு அவன் ஞானஸ்நானம் கொடுக்க ஏற்பாடு செய்வான். இதற்காகத்தான் அன்யாஸ்கோ சுற்று வட்டாரத் தலைவர்களையெல்லாம் வந்து பணியச் சொல்லி ஆள் அனுப்பினான். கைத்தானாவின் மகன் போகவில்லை. அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று எரித்தார்கள், அம்மா காலில் விழுந்து கெஞ்சியும் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அதுக்கப்புறம் அவள் ஆள் திரட்ட வீட்டுக்கு வீடு, மலைக்கு மலை நடந்ததைச் சொல்லுங்கள், எனக்குப் பிடித்த இடமே அதுதான். யால்கோன் மக்கள் ஒரு பக்கம், பாயேஸ் மக்கள் ஒரு பக்கம், பிகோவான்சா போன்ற தலைவர்கள் ஆளுக்கொரு திசையில் இருக்க, ஒரு தாய் போய் நின்று "இன்று என் மகன், நாளை யார் மகன்" என்ற மாதிரி கேட்டிருப்பாள் (வசனம் என்னுடையது). கண் விஷயத்தை "அவனைப் பிடித்தார்கள், அவள் மன்னிக்கவில்லை" என்று தாண்டிவிடலாம். ஏழு வயசுக்கு அது போதும், பதினாலு வயசுக்காரன் எப்படியும் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்ப்பான்.

கல்திட்டை:
இரண்டு விஷயம், சண்டைக்கு வரவில்லை.

திமானாவுக்குப் பக்கத்தில் சான் அகுஸ்தின் என்ற இடத்தில் பெரிய பெரிய கற்சிலைகள் உண்டு, யுனெஸ்கோ பட்டியலில் 1995-இல் சேர்ந்தது. இணையத்தில் பாதிப் பேர் அந்தப் படத்தைப் போட்டு "கைத்தானாவின் மக்கள் செதுக்கியது" என்கிறார்கள். தப்பு. அந்தச் சிலைகளைச் செய்தவர்கள் அவளுக்குப் பல நூற்றாண்டு முந்தியவர்கள். பிள்ளைகளிடம் படம் காட்டுவதாக இருந்தால் நெய்வா சிலையையே காட்டுங்கள், 1974-இல் ரோத்ரிகோ அரேனாஸ் பெத்தான்கூர் செய்தது.

அடுத்தது, அன்யாஸ்கோவை அனுப்பினானே பெலால்காசர், அவனுக்கும் போப்பயானில் குதிரைமேல் ஏறிய சிலை இருந்தது, அதுவும் பழங்குடிகளின் பழைய மேட்டுப் பிரமிடின் உச்சியில். 2020 செப்டம்பரில் மிசாக் என்ற பழங்குடி மக்கள் அவன் செய்த குற்றங்களுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். அடுத்த ஏப்ரலில் காலி என்ற நகரத்திலும் அவன் சிலை ஒன்று போனது. கயிறு என்று படித்ததும் எனக்கு அன்யாஸ்கோ ஞாபகம்தான் வந்தது. யால்கோன் மக்கள் சண்டையிலும் பஞ்சத்திலும் நோயிலும் கரைந்துபோனார்கள், ஆனால் பாயேஸ் மக்கள், இப்போது நாசா என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள் (ராக்கெட் விடும் நாசா இல்லை), கைத்தானாவை இன்றும் தங்கள் தலைவி என்கிறார்கள்.

மொட்டைமாடி_மீனா:
எல்லோருக்கும் நன்றி. ஆத்தங்கரை சொன்னது சுருக்கென்று பட்டது, திரும்ப என் பதிவைப் படித்தேன், ஆமாம், கயிற்றைத்தான் ரசித்து எழுதியிருக்கிறேன்.

நேற்று சொல்லி முடித்தேன். மகன் வரமாட்டேன் என்றதில் தொடங்கி, அவள் நடந்த நடையை நீட்டினேன், திமானாவைத் திரும்பத் திரும்பத் தாக்கியும் ஊர் விழவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பெயரைக் கேட்டதும் ஒரு பையன் "கைதானாளா?" என்றான், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இல்லைடா, அவள் பிடிபட்டதாகக் கதையில் வரவே இல்லை என்றேன். "அப்போ இன்னும் நடந்துட்டே இருக்காளா?" என்று கடைக்குட்டி கேட்டாள். சுண்டல் பாத்திரத்தை எடுக்கிற சாக்கில் எழுந்துவிட்டேன்.