முதல் தடவை சிங்கப்பூர், அப்பச்சி ஆத்தாவோடு 5 நாள்: பேக்கேஜா, நாமே சுற்றுவதா?

பள்ளத்தூர்ப்பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பச்சிக்கு (அப்பாதான்) 70, ஆத்தாவுக்கு 65, முழங்கால் வலி வேறு. மூன்று பேருக்குமே வெளிநாடு இதுதான் முதல் தடவை. காரைக்குடியில் ஒரு டிராவல்ஸில் 4 ராத்திரி 5 பகல் பேக்கேஜ் சொல்கிறார்கள். ஒரு நாள் முழுக்க யுனிவர்சல் ஸ்டுடியோஸ், ஒரு நாள் செந்தோசா, ஒரு ராத்திரி நைட் சஃபாரி, அரை நாள் 'சிட்டி டூர்', மிச்சமெல்லாம் ஷாப்பிங். அப்பச்சிக்கு ஒரே ஆசை, அவருடைய ஐயா கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன மார்க்கெட் ஸ்ட்ரீட்டையும் டேங்க் ரோடு கோயிலையும் பார்க்க வேண்டும். ஆத்தாவுக்கு வாட்ஸப்பில் வந்த அந்த ஏர்போர்ட் அருவி. இது எதுவுமே பேக்கேஜில் இல்லை. என்ன செய்யலாம்?

ஆத்தங்குடிக்கல்:
வேண்டாம் தம்பி. மகள் அங்கே இருப்பதால் நான் மூன்று தடவை போயிருக்கிறேன், முதல் தடவை மட்டும் பேக்கேஜ். மெர்லயன் சிலை முன்னால் 20 நிமிடம், ஒரு சாக்லேட் கடையில் முக்கால் மணி நேரம். கோயிலுக்குப் போகணும் என்று கேட்டதற்கு "லிஸ்டில் இல்லம்மா" என்றார் கைடு. நம் கானாடுகாத்தானில் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க வந்து, சித்திரை வெயிலில் மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டு, முகப்பில் ஒரு போட்டோ, வளவில் ஒரு போட்டோ, உடனே கிளம்பு என்று ஓடுகிறவர்களைப் பார்த்து நாம் பாவம் என்கிறோமே, அங்கே போனால் நாமும் அதேதான்.

நீல நிற ரயில் லைனை மட்டும் மனதில் வைத்துக்கொள். டவுன்டவுன் லைன் என்று பெயர். ஏர்போர்ட்டில் ஏறி அடுத்த ஸ்டேஷன் எக்ஸ்போவில் மாறினால் நேரே லிட்டில் இந்தியா, அங்கேயே தங்கிக்கொள். அங்கிருந்து நாலாவது ஸ்டேஷன் பேஃபிரண்ட், கரையோரப் பூந்தோட்டம் (கார்டன்ஸ் பை த பே) அங்கேதான். அடுத்து டவுன்டவுன், தெலோக் ஆயர், சைனாடவுன், ஃபோர்ட் கேனிங். ஃபோர்ட் கேனிங்கில் இறங்கினால் டேங்க் ரோடு கோயில் நடந்து போகிற தூரம். லிட்டில் இந்தியாவிலிருந்து எதிர்ப்பக்கம் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பொட்டானிக் கார்டன்ஸ். உங்கள் ஊர்சுற்றலில் முக்கால்வாசி இந்த ஒரு லைனிலேயே முடிந்துவிடும், இதற்கு எதற்கு பஸ்ஸும் கொடி பிடித்த கைடும்?

ரஸ்தாக்காரர்:
ஆச்சி, மேப்பில் எல்லாமே பக்கம்தான். முழங்கால் வலி இருப்பவருக்கு ஸ்டேஷனுக்குள்ளே நடக்கிற நடையே ஒரு நாள் நடை. நான் குடும்பத்தில் 22 பேரைக் கூட்டிக்கொண்டு போனவன், அதில் ஆறு பேர் 65-க்கு மேல். வாசலில் ஏசி வண்டி, வேளைக்குச் சாப்பாடு, மழை வந்தாலும் கவலையில்லை. அந்த ஊர் பூமத்திய ரேகையை ஒட்டியது, வருஷம் முழுக்கப் புழுக்கம், எந்த மாதத்திலும் மழை கொட்டும். நீங்கள் சொல்லும் பொட்டானிக் கார்டனில் ரயில் வாசலிலிருந்து ஆர்க்கிட் தோட்டம் வரை நடந்து பார்த்திருக்கிறீர்களா? எங்கள் அத்தை பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்புறம் விசா. நாமே நேரில் போய் வாங்க முடியாது, அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகவோ, அங்கே இருக்கும் உறவினர் வழியாகவோதான் போட வேண்டும். எப்படியும் ஏஜென்டிடம் போகிறோம், மிச்சத்தையும் அவரிடமே விட்டால் என்ன?

கண்டனூர்_காப்பி:
பல்லைப் பிடுங்க டாக்டரிடம் போகிறோம் என்பதற்காகக் கல்யாணச் சமையலையும் அவரிடமே கொடுத்துவிடுவோமா அண்ணே? 😀

ஆத்தங்குடிக்கல்:
ஆர்க்கிட் தோட்டம் விஷயத்தில் அண்ணன் சொல்வது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அங்கே டாக்ஸியில் போய்விடு தம்பி, கிராப் செயலியை இங்கேயே போனில் ஏற்றிக்கொள். பொட்டானிக் கார்டன்ஸ் 1859-இல் ஆரம்பித்தது, 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, உள்ளே போகக் காசில்லை, ஆர்க்கிட் பகுதிக்கு மட்டும் டிக்கெட். காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். வெயில் ஏறுமுன் பார்த்துவிட்டு மத்தியானம் அறையில் படுத்துவிட வேண்டும். இதுதான் என் கட்சி, காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் தூக்கம். அதைப் பேக்கேஜ்காரன் எவனும் தரமாட்டான், வண்டி வாடகை ஓடுகிறதே.

ஆனால் நடைக்குப் பயந்து ரயிலையே விட வேண்டாம். எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கிறது, அறிவிப்புப் பலகைகளில் தமிழும் இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் நின்று போட்டோ எடுத்தார், பின்னால் வந்தவர்கள் எல்லாம் முட்டிக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டைத் தட்டி மூன்று பேர் உள்ளே போக முடியாது. உள்ளே தண்ணீர் குடித்தால்கூட அபராதம், 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை.

கோட்டையூர்_குமார்:
நான் அங்கே ஆறு வருஷம் கட்டட வேலையில் இருந்தேன், டூரிஸ்டாகப் போனவன் இல்லை. ரெண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை. அப்பச்சி வெற்றிலை போடுபவர் என்றால் புகையிலையை இங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள், மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை. சூயிங்கமும் அப்படித்தான். ஆத்தா பெட்டியில் ஆட்டு உப்புக்கண்டம் வைத்துவிடப் போகிறார்கள், இங்கிருந்து கறி எதுவும் கொண்டுபோக முடியாது. சீப்புச்சீடை, தேன்குழல் பிரச்சினையில்லை. நம் ஊர் ப்ளக் அங்கே நுழையாது, சதுரக் கால் மூன்று உள்ள அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வந்திறங்கும் முன் மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அது இலவசம், காசு கேட்கும் வெப்சைட் போலி.

சாப்பாட்டுக்கு உணவங்காடி நிலையம் (ஹாக்கர் சென்டர், பல சிறு கடைகள் ஒரே கூரையின் கீழ்). மேஜையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம், எடுத்துத் துடைத்துவிடாதீர்கள் (நான் துடைத்திருக்கிறேன்). சாப்பிட்டதும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். அப்பச்சிக்கு சர்க்கரை இருந்தால் வெறுமனே 'கோப்பி' என்று கேட்காதீர்கள், கண்டென்ஸ்டு மில்க்கோடு பாயசம் மாதிரி வரும். 'கோப்பி சி கோசோங்' என்று கேளுங்கள், பால் இருக்கும், சர்க்கரை இருக்காது.

ரஸ்தாக்காரர்:
நல்ல தகவல் குமார். ஆனால் லிட்டில் இந்தியாவில் தங்கச் சொல்லும் ஆச்சிக்கு ஒன்று சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே காலை வைக்க இடமிருக்காது. சிராங்கூன் சாலை முழுக்கக் கூட்டம். முதல் தடவை வரும் பெரியவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போகவே கூடாது, வெளிநாடு வந்த மாதிரியே இருக்காது.

கோட்டையூர்_குமார்:
அண்ணே, அந்தக் கூட்டத்தில் நானும் நின்றவன்தான். ஆறு நாள் வெயிலில் கம்பி கட்டிவிட்டு ஏழாவது நாள் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியாவை அப்படித்தான் சொல்வோம்) வருவோம். பணம் அனுப்ப ஒரு வரிசை, முடி வெட்ட ஒரு வரிசை, அப்புறம் பரோட்டா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து, ஒரு காதில் போன், மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு வீட்டோடு பேசுவோம். பக்கத்தில் பேசுகிறவன் புதுக்கோட்டையா திருவாரூரா என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். முழங்கால் வலிக்காரரை அந்த நேரத்தில் கூட்டிப்போக வேண்டாம் என்றால் சரி. பார்க்கவே கூடாத இடம் மாதிரி பேசுவதுதான் ஒரு மாதிரி இருக்கிறது. இவர் அப்பச்சியின் ஐயாவும் பிழைக்கப் போனவர்தானே?

ரஸ்தாக்காரர்:
தப்பாக எடுத்துக்கொள்ளாதே தம்பி, நடக்க இடமில்லை என்பதற்காகச் சொன்னேன். கடைசி வரி எழுதியிருக்க வேண்டாம்தான்.

பள்ளத்தூர்ப்பேரன்:
திங்கள்கிழமை இறங்கும்படி டிக்கெட் பார்க்கிறேன், சண்டை வேண்டாம். 😊 மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லுங்களேன். அப்பச்சி, ஐயாமார்கள் தொழில் நடத்திய கிட்டங்கியைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆத்தங்குடிக்கல்:
கிட்டங்கி எதுவும் இல்லை தம்பி, முன்னாலேயே சொல்லிவிடு. பாயும் பெட்டகமும் சாய்வு மேசையுமாக வரிசையாக உட்கார்ந்து வட்டிக்கடை நடத்திய அந்த நீளக் கூடங்கள் எல்லாம் இடித்தாகிவிட்டது. இப்போது அந்தத் தெருவில் கேபிட்டாஸ்பிரிங் என்று 280 மீட்டரில் ஒரு கட்டடம் நிற்கிறது. கீழ்த்தளங்களில் உணவங்காடி, மேலே 51-ஆவது மாடியில் தோட்டம், ஏறிப் பார்க்கக் காசில்லை. மரினா பே சேண்ட்ஸ் மேல்தளத்துக்கு டிக்கெட் வாங்குவதற்குப் பதில் இங்கே ஏறலாம், திறந்திருக்கும் நேரம் மட்டும் பார்த்துக்கொண்டு போ. நான் மேலேயிருந்து பார்த்தபோது, ஐயாமார்கள் கப்பலில் வந்திறங்கிய கடல் இவ்வளவு பக்கமா என்றிருந்தது. கீழே வேலையாட்கள் டிபன் வாங்க வரிசையில் நின்றார்கள், நம் ஊர் முகம் ஒன்றையும் காணோம்.

கோயில் மட்டும் இருக்கிறது. தெண்டாயுதபாணி, 1859-இல் நகரத்தார் கட்டியது, இப்போது தேசியச் சின்னம். தைப்பூசக் காவடி சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் கிளம்பி இங்கேதான் வந்து சேரும், மூன்று நாலு கிலோமீட்டர் இருக்கும். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

ரஸ்தாக்காரர்:
சரி, நான் பாதி இறங்கி வருகிறேன். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வேண்டாம், ரோலர் கோஸ்டரில் ஏற யாருமில்லாத வீட்டுக்கு அது காசுக்குக் கேடு. விசா, டிக்கெட், ஹோட்டல் மூன்றையும் மட்டும் ஏஜென்டிடம் கொடு. ஒரே ஒரு நாள் டிரைவரோடு வண்டி எடு, அன்றைக்கு ஆர்க்கிட், செந்தோசா, எது தூரமோ அதெல்லாம். ஐந்து நாளும் ரயில் என்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, முதல் மழையில் என்னை நினைத்துக்கொள்வாய்.

கரையோரப் பூந்தோட்டத்தில் சூப்பர் ட்ரீ விளக்குக் காட்சி ராத்திரி 7.45-க்கும் 8.45-க்கும், காசில்லை. கீழே தரையிலேயே படுத்துக்கொண்டு பார்க்கிறார்கள், ஆத்தாவுக்கு ஒரு துண்டு எடுத்துப் போ.

கோட்டையூர்_குமார்:
அருவி கடைசி நாளில் பார்க்கலாம். 40 மீட்டர் உயரம், கூரையின் நடுவிலிருந்து கொட்டும். ஜுவல் என்ற அந்தக் கட்டடம் இமிக்ரேஷனுக்கு வெளியே இருக்கிறது, இமிக்ரேஷன் தாண்டி உள்ளே போய்விட்டால் திரும்பி வர முடியாது. இருட்டிய பிறகு விளக்குப் போடுவார்கள், ராத்திரி ஃப்ளைட் என்றால் சௌகரியம்.

பள்ளத்தூர்ப்பேரன்:
எல்லோருக்கும் நன்றி. விசாவும் டிக்கெட்டும் ஏஜென்ட், ஒரு நாள் வண்டி, மற்ற நாள் ரயில், மத்தியானம் தூக்கம். கிட்டங்கி இல்லை என்று அப்பச்சியிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து ரெண்டாங்கட்டு அறையில் பழைய கடிதக் கட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கதவு எண்ணைத் தேடுகிறார். ஆத்தா திட்டிக்கொண்டிருக்கிறார், தும்மல் வருகிறதாம்.

கண்டனூர்_காப்பி:
எண் கிடைத்தால் இங்கே போடு தம்பி. எங்கள் வீட்டுக் கடிதத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட் என்று இருக்கிறது, எண் இருந்த மூலையைச் செல் அரித்துவிட்டது.