ஏசி காற்றை எந்தப் பக்கம் திருப்புவது? டெல்டா வீடுகளின் அனுபவங்கள்

மன்னார்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் வீட்டில் கட்டிலுக்கு நேர் எதிர்ச்சுவரில் ஏசி இருப்பதால், இரவு முழுவதும் குளிர்காற்று அப்பாவின் தோளிலேயே விழுந்து, விடியும்போது அவரால் கழுத்தைத் திருப்ப முடியாமல் போனது. வெப்பநிலையை 24-லிருந்து 27-க்கு உயர்த்தினால் மற்றவர்களுக்கு வியர்த்தது. ஆகவே குளிரைக் குறைக்காமல் திசையை மட்டும் மாற்றுவதென முடிவு செய்து, ரிமோட்டில் ஸ்விங்கை (தகடு மேலும் கீழும் ஆடுவதை) நிறுத்தி, காற்று வெளிவரும் வாயிலுள்ள முன்தகட்டை முழுவதும் மேல்நோக்கி வைத்தோம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால், மேற்கூரைத் தளத்தை ஒட்டிச் சென்று எதிர்ப்புறத்தில் தானாகவே மெல்லக் கீழிறங்குகிறது. அறை குளிரச் சற்று நேரமாகிறது, அவ்வளவுதான். இடவலமாகத் திருப்பும் உள்தகடுகள் எங்கள் ஏசியில் கையால் நகர்த்த வேண்டியவை. அணைத்த பிறகே அவற்றைத் தொடுகிறோம்.

கும்பகோணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

கான்கிரீட் கூரைக்கு அது சரி. எங்களுடையதோ நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. மேல்நோக்கி வைத்தால், பகலெல்லாம் காய்ந்த ஓட்டின் அடியில் தேங்கியிருக்கும் சூட்டோடு குளிர்காற்று கலந்து வீணாகிறது. ஓட்டின் இடுக்குகள் வழியாக வெளியேறுவதும் உண்டு. அதனால் தகட்டைப் பாதியளவு தாழ்த்தி, உள்தகடுகளைக் கட்டில் இல்லாத பக்கமாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். (முதலில் ஃபால்ஸ் சீலிங் அடிக்க வேண்டும் என்பது என் கட்சி, பெரியவர்கள் இன்னும் இசையவில்லை.)

திருவாரூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஏசி காற்றைத் திசைதிருப்பக் கடைகளில் விற்கும் அக்ரிலிக் தடுப்பை வாங்க எண்ணுவோருக்காக இதை எழுதுகிறேன். காற்று வெளிவரும் வாயை ஒட்டியே அதை மாட்டினால், திரும்பிய குளிர்காற்றை ஏசியே மேற்புறம் வழியாக மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. அறையின் வெப்பத்தை அளக்கும் சென்சாரும் அந்த வழியிலேயே இருப்பதால், கட்டில் பக்கம் புழுங்கிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரசர் நின்றுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேறொரு தொல்லை: ஈரக்காற்று பட்டுத் தடுப்பு வியர்த்து, மெத்தையில் சொட்டத் தொடங்கியது. சற்று இடைவெளி விட்டு மாட்டிய பிறகு இரண்டும் குறைந்தன.

மோட்டாரால் இயங்கும் முன்தகட்டைக் கையால் அழுத்தித் திருப்ப வேண்டாம். உள்ளே இருக்கும் சிறிய பல்சக்கரங்கள் தேய்ந்துவிடும் என்று சர்வீஸுக்கு வந்தவர் எச்சரித்தார். மன்னார்குடி அன்பர் வீட்டில் இடமிருந்தால், கட்டிலின் தலைப்பக்கம் ஏசி உள்ள சுவரை ஒட்டி வருமாறு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். காற்று தலைக்கு மேலாகக் கடந்து போய்விடும். ஆனால் தண்ணீர் வடியும் குழாயை அடிக்கடி சுத்தம் செய்தாக வேண்டும், அடைத்துக்கொண்டால் தலையணையில்தான் சொட்டும்.