பென்சில்வேனியா மான் வேட்டை: சனிக்கிழமை தொடக்கம், ஞாயிறு அனுமதி. உங்கள் அனுபவம் என்ன?

குமரன்_பிட்ஸ்பர்க்
2019-இல் மான் சீசனின் முதல் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்களே, அதற்குப் பிறகு, என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் பாட்டர் கவுண்டியில் இருக்கும் தன் கேம்ப்புக்கு, அதாவது காட்டில் வேட்டைக்காகத் தங்கும் குடிலுக்கு, என்னைக் கூட்டிப் போனார். அதற்கு முன் 1963-இலிருந்து, நவம்பர் கடைசியில் வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த திங்கள்தான் தொடக்கம், அந்தப் பக்கம் பள்ளிக்கூடமே லீவு விடும். வெள்ளியன்றே போய் விறகு பிளந்து, துப்பாக்கியின் குறி சரிபார்த்து, சீட்டாடிக் காத்திருப்பதுதான் அவர்களுக்குத் திருவிழா. நான் போனபோது அவர் மகன் வெள்ளி நள்ளிரவில் வந்தான், விடிந்ததும் ஒரு கொம்பு மானைச் சுட்டான், குடலை எடுத்துவிட்டுப் பிக்கப்பில் ஏற்றித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருக்கிறான், பெரியவர் கரண்டியோடு வாசலுக்கு வந்து "சமையல் ஆயிடுச்சு, சாப்பிட்டுட்டுப் போயேன்" என்கிறார். மணியைப் பார்த்தான், வண்டியைக் கிளப்பிவிட்டான். வேட்டை நாள் கூடுகிறது, தங்கும் ஆள் குறைகிறது. இது என்ன முன்னேற்றம்?

ரவி_லங்காஸ்டர்
இது கேம்ப் வைத்திருப்பவர்களின் பேச்சு, குமரன். எங்கள் கிடங்கில் சனி வரை ஷிஃப்ட், திங்கள் லீவு யார் தருவார்? ஞாயிறில் மான் வேட்டைக்குத் தடை இருந்தது, 2020-இல் மூன்று ஞாயிறுகளைத் திறந்ததால்தான் மகளைக் காட்டுக்கு அழைத்துப் போக முடிந்தது. பெட்டை மான் ஒன்று கிட்டத்தில் வந்து நின்றது. சுடலாம் என்று சைகை காட்டினேன். "அப்பா, அது மூச்சு விடுற ஆவி தெரியுது" என்று முணுமுணுத்தாள், சுடவில்லை. அருமை தெரிய மூன்று நாள் சீட்டாட வேண்டும் என்று யார் சொன்னது? 2025 சட்டம் ஞாயிறு தடையை அடியோடு எடுத்ததில் எனக்கு முழுச் சம்மதம்.

வாசுகி_எரி
ரெண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் காட்டில் வெறுமனே நடக்க வருகிறவர்களை யாரும் கேட்பதில்லை. ஞாயிறு என்றால் வெடிச்சத்தம் இருக்காது என்று வருடக்கணக்காகப் பழகியவள் நான். போன சீசனில் அலெகெனி காட்டுப் பாதையில் பக்கத்திலேயே வெடித்தது, நாய் என் காலுக்கிடையில் புகுந்துகொண்டு நகர மறுத்துவிட்டது. அதனால் சொல்கிறேன்: ரைஃபிள் சீசனில் வேட்டைக்காரர்களுக்குத் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குல அளவுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு உடை கட்டாயம், நடக்க வருகிற நீங்களும் அதையே போடுங்கள், நாய்க்கும் ஒரு ஆரஞ்சுச் சட்டை வாங்குங்கள். பழுப்பு ஜாக்கெட்டும் வெள்ளைக் குல்லாவும் வேண்டவே வேண்டாம், வெள்ளைவால் மானின் நிறமே அதுதான். விடியலிலும் பொழுது சாயும்போதும் மான்கள் நடமாடும், அந்த நேரத்தைத் தவிருங்கள். வீட்டுக்கு வந்ததும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று முழங்காலுக்குப் பின்னால் பாருங்கள், குளிர்காலத்திலும் இருக்கும். ரவி, கறி மிஞ்சினால் ஹன்ட்டர்ஸ் ஷேரிங் தி ஹார்வெஸ்ட் திட்டத்தில் சேர்ந்த கறிக்கடையில் கொடுங்கள், உணவு வங்கிக்குப் போய்ச் சேரும்.