மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்த கதை: மலையகத்து அம்மா அப்பாக்கள் எழுதுங்கள்

மஸ்கெலியா அப்பா:
எங்கள் மகள் பிறந்தது டிக்கோயா ஆஸ்பத்திரியில், நிறை 2.1 கிலோ. 2.5க்குக் கீழே என்றால் நிறை குறைந்த பிள்ளை என்று கணக்கு. ஆனாலும் நன்றாகப் பால் குடிக்கிறாள், உடம்பில் சூடு நிற்கிறது என்று டிக்கட் வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் செய்து, அனுப்பிவிட்டார்கள். எங்கள் லயம், அதாவது வரிசை வீடு, தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் (பகுதியில்). ஜனவரி விடியற்காலைக் குளிரை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா பிள்ளையை அடுப்படிக்கே கொண்டுபோய்விட்டார், நாங்கள் எல்லோரும் அப்படித்தானே வளர்ந்தோம் என்பது அவருடைய வாதம். விறகோ ஈரம், புகை தகரத்தில் முட்டி அப்படியே கீழே இறங்கும்.

மிஸ் மலையேறி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தார். ஏசப்போகிறார் என்று பார்த்தால், சவர்க்காரம் கேட்டுக் கையைக் கழுவினார், தொப்புளைப் பார்த்தார், பாதத்தைத் தொட்டார். சில்லென்று இருந்தது. "அப்பா யாரு? சட்டையக் கழட்டுங்க தம்பி" என்றார்! நான் கொழும்பில் கடை வேலை, லீவில் வந்தவன். மாமியார், பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லோரும் நிற்க, பிள்ளைக்கு நப்கினையும் தொப்பியையும் மட்டும் விட்டுவிட்டு என் நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, மூக்கு அடைபடாமல் தலையை ஒரு பக்கம் திருப்பி, பழைய சேலையால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டி, மேலே கம்பளியைப் போர்த்தினார். "மயிர் குத்துமே" என்றார் அம்மா. "குத்தட்டும் அப்பாயி, புள்ளைக்குச் சூடுதான் வேணும்." கொஞ்ச நேரம் கழித்து அம்மாவையே கூப்பிட்டுப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், பாருங்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம். அடுப்பை விட்டுத் தள்ளி வைங்க என்று மட்டும் சொல்லியிருந்தால் அம்மா தலையாட்டிவிட்டு, மிஸ் இறங்கிப் போனதும் மறுபடி அங்கேயே கொண்டுபோயிருப்பார்.

கிளினிக்கில் தராசில் போட்டு நிறை பார்க்கலாம். அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது, அந்த வீட்டில் யார் சொல் எடுபடும் என்பதெல்லாம் வீட்டுக்கு வந்தால்தான் தெரியும். உங்கள் அனுபவத்தையும் போடுங்கள்.

ராகலை அக்கா:
தமிழ் பேசுகிற மிஸ் கிடைத்தாரே, கொடுத்து வைத்தவர் நீங்கள். எங்கள் பக்கம் வந்தவருக்குச் சிங்களம் மட்டும்தான், எனக்கு அது கடைத்தெருவில் சாமான் வாங்குகிற அளவுக்கு வரும். பக்கத்து வீட்டு ஏ.எல். (உயர்தர வகுப்பு) படிக்கிற பிள்ளைதான் மொழிபெயர்ப்பு. தையல் போட்ட இடத்தில் வலி, நாற்றம் என்று நான் சொல்ல, அவள் வெட்கத்தில் பாதியை விழுங்கிவிட்டுக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னாள். மிஸ் என் முகத்தைப் பார்த்து என்ன விளங்கினாரோ, எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு அவரே பார்த்தார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மனுஷி தங்கம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வருகிறவருடைய நல்ல மனசை நம்பித்தான் நாங்கள் பிழைக்க வேண்டுமா? தோட்டத்தில் இவ்வளவு பிள்ளைகள் படித்துவிட்டு இருக்கிறார்களே, அவர்களை மிட்வைஃப் பயிற்சிக்கு எடுக்கலாமே.

லிந்துலையிலிருந்து ஒரு 'மிஸ்':
நானும் அந்த வேலைதான், குடும்பநல உத்தியோகத்தர். கணக்குப்படி பிள்ளை பிறந்த முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவை, 14க்கும் 21க்கும் இடையில் ஒரு தடவை, 42ஆம் நாளை ஒட்டி ஒரு தடவை வர வேண்டும். களுத்துறையில் 1926இல் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து நாட்டில் மருத்துவிச்சி வீடு தேடிப் போகிறார். தோட்டத்துக்கென்று தனி டிஸ்பென்சரி, தனி ஏற்பாடு என்று நம் ஆட்களை ஒதுக்கி வைத்திருந்ததால் நமக்கு அது வந்து சேரத்தான் காலம் போனது.

மழை, அட்டைக்கடி எல்லாம் பழகிவிட்டது. பெரிய தலைவலி என்னவென்றால், பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள். என் புத்தகத்தில் பெயர் இருக்கும், ஆள் பொகவந்தலாவையில் இருப்பார். டிக்கட் வெட்டியதும் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று உங்கள் மிஸ்ஸுக்கு ஒரு போன் கோல் எடுங்கள், நாங்கள் அந்தப் பகுதி மிஸ்ஸிடம் சொல்லிவிடுவோம். அப்புறம் ஒன்று: பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ, மூச்சு வாங்கி நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ, தாய்க்குக் காய்ச்சலோ நாற்றமோ அதிக இரத்தப் போக்கோ இருந்தாலோ மிஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுக்கலாமே என்று ராகலை அக்கா சொன்னதும் முழுக்கச் சரி.

மஸ்கெலியா அப்பா:
மிஸ், ஒரு கேள்வி. பேறுகால லீவு 84 நாள் முடிந்ததும் மனைவி கொழுந்து பறிக்கப் போக வேண்டும். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் என்கிறீர்களே, எப்படி?

லிந்துலை மிஸ்:
பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்கப் போக சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பிள்ளைக் காம்பரா, அதாவது தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம், இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அது சலுகை இல்லை, கங்காணி முகம் சுளித்தாலும் போகலாம். கொழுந்து பறிக்கிற மலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் தூரம் என்றால் பக்கத்து மலையில் பேர் போடச் சொல்லி இப்போதே கேட்டு வையுங்கள், 84ஆவது நாள் போய் நிற்காதீர்கள். பாலைக் கையால் பீய்ச்சிக் கோப்பையில் வைத்துக் கொடுக்கிற விதத்தை அடுத்த தடவை உங்கள் மிஸ் வரும்போது காட்டச் சொல்லுங்கள், அப்பாயியும் பக்கத்தில் இருக்கட்டும்.