டீசலின் இடத்தைப் பயோடீசல் பிடிக்குமா?

எஞ்சின்பித்தன்:
தாவர எண்ணெயிலும் கொழுப்பிலும் செய்கிற பயோடீசல் என்றாலே "எஞ்சின் போயிடும்" என்று பயமுறுத்துகிறார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. பயோடீசலில் கந்தகம் கிட்டத்தட்ட இல்லை, கரும்புகை குறைவு, பம்புக்கு நல்ல மசகு. இன்னும் ஏன் பூமியைத் தோண்டிக்கொண்டிருக்கிறோம்?

வால்வு:
அன்று ஓடியது வெறும் எண்ணெய். அது டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கரி பிடிக்கும். அதனால்தான் 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ மெத்தனால் என்ற ஆல்கஹால் சேர்த்து, கெட்டி குறைந்த எஸ்டராக, அதாவது பயோடீசலாக மாற்றுகிறார்கள். அந்த மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் செய்தது. முழுப் பசுமை என்று சொல்லாதீர்கள்.

பட்டறைவாசி:
பழைய வண்டியில் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலந்த பி20 ஊற்றினால் முதலில் அடிவாங்குவது ஃபில்டர்தான். பயோடீசல் நல்ல கரைப்பான். டேங்க் சுவரில் வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்த கசட்டைக் கழுவிக்கொண்டு வந்துவிடும். ஏற்றத்தில் வண்டி திணறும், ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்புக் குழம்பு. பழி பயோடீசல் மேல் விழும், அழுக்கு என்னவோ பழைய டீசல் விட்டுப்போனது! ஃபில்டரை மாற்றினால் சரியாகிவிடும். இயற்கை ரப்பர் ஹோஸ் அப்படியில்லை, கலப்பு கூடக்கூட ஊறி இளகிவிடும். அப்புறம், மாசக்கணக்கில் சும்மா நிற்கிற ஜெனரேட்டரில் இதை ஊற்றாதீர்கள். ஈரத்தை இழுக்கும், கிருமி வளரும்.

வால்வு:
சரி, எஞ்சினை விடுவோம். எண்ணெய் எங்கிருந்து வரும்? ஒரு ஹெக்டேர் சோயா வருஷத்துக்கு ஏறக்குறைய 500 லிட்டர்தான் தரும். பாமாயில் பல மடங்கு தரும். ஆனால் சதுப்புக் காட்டை வடித்து நட்டால், அந்த மண்ணிலிருந்து கிளம்பும் கார்பன் டீசலில் மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

எஞ்சின்பித்தன்:
இந்தோனேசியா 2025இல் 40 சதவீதக் கலப்புக்கே போய்விட்டது. அங்கே லாரி ஓடவில்லையா? பொரித்து மிஞ்சிய எண்ணெய், மாட்டுக்கொழுப்பு இதற்கெல்லாம் நிலமும் வேண்டாம்.

வால்வு:
அந்த லாரிகள் ஓடுவதே பாமாயிலில்தான், எனக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். உலகம் எரிக்கிற டீசலுக்கு முன்னால் சட்டியில் மிஞ்சும் எண்ணெய் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பட்டறைவாசி:
கொழுப்பில் செய்தது பத்துப் பதினைந்து டிகிரியிலேயே மெழுகு கட்ட ஆரம்பிக்கும், குளிர் ஊர்க்காரர்கள் கவனிக்கவும். அதே கழிவு எண்ணெயை ஹைட்ரஜன் செலுத்திப் பதப்படுத்தினால் எச்விஓ கிடைக்கும். அது எஸ்டர் இல்லை, டீசல் மாதிரியே கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த ஹைட்ரோகார்பன், ஹோஸ் தொல்லை இல்லை. விலைதான் கூட.

எஞ்சின்பித்தன்:
எச்விஓவுக்கு ஹைட்ரஜனும் உயர் அழுத்த ஆலையும் வேண்டும். எஸ்டரை 60 டிகிரி சூட்டில் சின்ன ஆலையிலேயே செய்துவிடலாம். பி20 வரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வால்வு:
ஐரோப்பாவில் சாதாரண டீசலுக்கு 7 சதவீதம்தான் வரம்பு. கழிவு எண்ணெய் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு கலக்கட்டும். அதற்குமேல் ஒரு லிட்டருக்குக்கூட மரம் வெட்டச் சம்மதிக்க மாட்டேன்.