புதுப்பிப்பு: சைக்கிள் என்ஜின் கிளம்பிவிட்டது

சைக்கிளில் பூட்டிய இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் காலையில் கிளம்ப மறுக்கிறது, கிளம்பினாலும் சற்று தூரத்தில் நின்றுவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் ஸ்பார்க் பிளக்கைச் சந்தேகித்தீர்கள். அது பாவம், நன்றாகவே இருக்கிறது.

டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? மூடியைத் தளர்த்தியதும் குழாயில் தேங்கி நின்றது மளமளவென்று இறங்கியது. போதாததற்கு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், அந்தக் கலவை என்ஜினுக்குள் போகும் இன்டேக் குழாயில் சரியாகப் பொருந்தாமல் பக்கவாட்டில் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. கலவையில் அது கூடுதலாக வேண்டிய நேரத்தில் இப்படிக் காற்று புகுந்தால், காற்றைக் குறைக்கும் சோக்கை மூடியும் பயனில்லை. கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்பை இறுக்கினேன்.

இப்போது சோக்கை மூடி, மிதித்து வேகமெடுத்து, கிளட்ச்சை விட்டால் உடனே பிடிக்கிறது. ஐடில் (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) மட்டும் ஏறி இறங்குகிறது. அதைச் சரிசெய்யும் ஸ்குரூவை இனிமேல்தான் திருக வேண்டும்.