லோ விஷன் பொண்ணு, முதல் வருஷம் காலேஜ்... 30 ஆயிரம் ராண்ட் மெஷின் நிஜமாவே வேணுமா?

நாஞ்சில்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சவுத் ஆப்பிரிக்கா டர்பன்ல வெஸ்ட்வில் பக்கம் இருக்கோம், வீட்டுக்காரர் வேலைக்காக நாகர்கோவில்ல இருந்து வந்து ஆறு வருஷம் ஆச்சு. பொண்ணுக்கு ஸ்டார்கார்ட்னு ஒரு கண் நோய், அதாவது நடுப்பார்வை கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கு. எதிர்ல நிக்கிறவங்க முகம் தெரியாதும்மா ஆனா ஓரமா ஓடுற பூனை தெரியும்னு அவளே சிரிச்சுக்கிட்டு சொல்லுவா, எனக்குத்தான் சிரிப்பு வராது.

பிப்ரவரில பி.காம் சேர்ந்தா. ஒரு கடையில விசாரிச்சோம், மேஜைல வச்சு எழுத்தைப் பெருசாக்குற கேமரா மெஷினும் கம்ப்யூட்டர் பேசுற சாஃப்ட்வேரும் சேர்த்து 30 ஆயிரம் ராண்டுக்கு மேல கொட்டேஷன் குடுத்துட்டாங்க. நாங்க ஒர்க் பெர்மிட்ல இருக்கறதால என்எஸ்எஃப்ஏஎஸ் (இங்க அரசாங்கம் குடுக்கற படிப்பு உதவித்தொகை) கிடைக்காதுன்னு தெரியும். கடன் வாங்கியாவது வாங்கிடலாம்னு இவர் சொல்றாரு. ஆனா அவ என்னடான்னா அந்த மெஷினைத் தூக்கிக்கிட்டு நான் கிளாஸுக்குப் போகமாட்டேன்னு ஒரே பிடிவாதம். அனுபவப்பட்டவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

ஜோபர்க்_மதுரைக்காரன்

அக்கா, கடன் எல்லாம் வாங்காதீங்க, இப்போதைக்கு ஒண்ணுமே வாங்காதீங்க. எனக்கு பிறவியிலயே பார்வை கிடையாது, மதுரையில படிச்சு இப்ப இங்க ஐடில இருக்கேன், இதையும் என்விடிஏ (ஸ்கிரீன்ல இருக்கறதைப் படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர்) வச்சுத்தான் டைப் பண்றேன். அது 2006ல ஆஸ்திரேலியாவுல பார்வை இல்லாத ரெண்டு பசங்க, மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும் ஆரம்பிச்சது. காசு இருக்கறவன் மட்டும்தான் கம்ப்யூட்டர் தொடணுமான்னு ஆரம்பிச்சதால இன்னைக்கு வரைக்கும் இலவசம்தான். பென் டிரைவ்ல போட்டுக்கிட்டா லைப்ரரி கம்ப்யூட்டர்ல கூட அதுல இருந்தே ஓட்டலாம், இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல (சில லேப்ல பென் டிரைவை பிளாக் பண்ணி வச்சிருப்பான், அது வேற தலைவலி). தமிழ் குரலும் இருக்கு, என்ன, ரோபோ திருக்குறள் ஒப்பிக்கிற மாதிரி இருக்கும்.

ஆனா உங்க பொண்ணுக்கு இன்னும் பார்வை மிச்சம் இருக்குல்ல, அதனால முதல்ல விண்டோஸ்ல இருக்கற மேக்னிஃபையரைப் பாக்கச் சொல்லுங்க. விண்டோஸ் கீயோட பிளஸ் அழுத்தினா பெருசாகும், கன்ட்ரோல் ஆல்ட் ஐ அழுத்தினா கறுப்புல வெள்ளையா மாறும், கண் கூசாது. போர்டுக்கு போன் கேமரா ஜூமே போதும், சின்ன ஸ்டாண்ட் ஒண்ணு இருந்தா சரி. எல்லாரும் போனைத்தான் நோண்டிக்கிட்டு இருப்பாங்க, இவளை மட்டும் தனியா யாரும் திரும்பிப் பாக்கப் போறதில்ல.

ஆனா மாட்டிக்கப் போற இடம் வேற. லெக்சரர் புக்கை ஸ்கேன் பண்ணி போட்டோ பிடிஎஃப்பா அனுப்புவாரு. கண்ணு தெரியறவங்களுக்குப் பக்கம் நிறைய எழுத்து, என்விடிஏக்கு அது வெறும் படம், முழுப் பக்கத்துக்கும் "பிளாங்க்"னு ஒரே வார்த்தை சொல்லிட்டு கம்முனு நிக்கும். முதல் வருஷம் நான் சாஃப்ட்வேர் ரிப்பேர்னு நினைச்சு மூணு தடவை அழிச்சு மறுபடி போட்டேன், இப்ப நினைச்சா சிரிப்பு வருது. 30 ஆயிரம் குடுத்து வாங்கற பேசுற சாஃப்ட்வேரும் அந்தப் படத்துக்கு முன்னாடி முழிக்கத்தான் செய்யும், எழுத்தா மாத்தினாத்தான் உண்டு. என்விடிஏ கீயோட (சாதாரணமா இன்செர்ட் கீதான்) ஆர் அழுத்தினா விண்டோஸோட ஓசிஆர் (படத்துல இருக்கற எழுத்தைக் கண்டுபிடிக்கிற வசதி) வச்சு ஸ்கிரீன்ல தெரியறதைப் படிச்சுக் காட்டும். இல்லேன்னா கூகுள் டிரைவ்ல ஏத்தி டாக்ஸ்ல ஓபன் பண்ணுங்க. ஆனா அக்கவுண்ட்ஸ்ல வர்ற டேபிள் எல்லாம் ஓசிஆர்ல கந்தல் ஆயிடும், டெபிட் எது கிரெடிட் எதுன்னே தெரியாது, அதுக்கு லெக்சரர்கிட்ட ஒரிஜினல் எக்செல் ஃபைலைக் கேட்டு வாங்கறது ஒண்ணுதான் வழி. எக்செல்ல ஒவ்வொரு கட்டமா சூப்பரா படிக்கும்.

சாட்ஸ்வர்த்_பேரன்

என் தமிழ்ல தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க, நாங்க இங்க அஞ்சாவது தலைமுறை, ஆயாகிட்ட பேசிப் பேசி கத்துக்கிட்டது, எழுத்து சனிக்கிழமை கிளாஸ்ல.

அண்ணா சொல்றது சரி, ஆனா ஃப்ரீன்னு சொல்லிட்டா முடிஞ்சதா? என் தங்கச்சிக்கும் இதே என்விடிஏதான் போட்டுக் குடுத்தோம், சொல்லிக் குடுக்க ஆள் இல்ல, ரெண்டே வாரத்துல ஹெட்போனைத் தூக்கி எறிஞ்சிட்டா, தலைவலி தலைவலின்னு ஒரே அழுகை. அப்புறம் நல்லா தெரிஞ்ச ஒருத்தர் நாலு சனிக்கிழமை வந்து பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தாரு, அப்பதான் பிடிச்சுக்கிட்டா. அவருக்குக் குடுத்த காசுதான் நாங்க செஞ்ச உருப்படியான செலவு.

ஆன்ட்டி, உங்களுக்கு இல்லாட்டியும் படிக்கிற மத்தவங்களுக்காக எழுதறேன். சவுத் ஆப்பிரிக்கா சிட்டிசன், பெர்மனென்ட் ரெசிடென்ட் ரெண்டு பேரும் என்எஸ்எஃப்ஏஎஸ் போடலாம். வீட்டு வருமானம் வருஷத்துக்கு 350,000 ராண்ட்தான் லிமிட்னு நினைச்சு நிறைய பேர் விட்டுடுறாங்க, டிஸெபிலிட்டி இருந்தா அது 600,000. சாதனம் வாங்கவும் அதுல காசு உண்டு. உங்களுக்கு சார்ஸ் (இங்க வருமான வரி ஆபீஸ்) இருக்கு. அங்கிள் இங்க டாக்ஸ் கட்றாருல்ல? ஐடிஆர்-டிடின்னு ஒரு ஃபார்ம், டாக்டர் நிரப்பிக் கையெழுத்துப் போடணும், அவங்க விதிக்குள்ள வந்தா தகுதியான செலவுல 33.3 சதவீதம் டாக்ஸ்ல கிரெடிட்டா வரும். பில்லை மட்டும் தொலைச்சுடாதீங்க.

இன்னொண்ணு, புக்கை ஸ்கேன் பண்ணா காப்பிரைட்னு யாராவது பயமுறுத்தினா கண்டுக்காதீங்க. பிளைண்ட் எஸ்ஏன்னு பார்வை இல்லாதவங்க அமைப்பு ஒண்ணு கேஸ் போட்டு 2022லயே கான்ஸ்டிடியூஷனல் கோர்ட்ல ஜெயிச்சிட்டாங்க, பார்வைக் குறை இருக்கறவங்க படிக்கிறதுக்காக புக்கை மாத்திக்கலாம், பப்ளிஷர்கிட்ட கேக்க வேண்டியதில்ல.

ஃபீனிக்ஸ்_லதா

கண்ணு விஷயம் எனக்குத் தெரியாது, என் பையனுக்கு கைதான் சரியா வராது, சிபி, அதாவது செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால உடம்பு அசைவு சரியா வராத நிலை). ஒரு எழுத்து அழுத்தினா நாலு விழும். விண்டோஸ்லயே ஃபில்டர் கீஸ்னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணதும் நின்னுடுச்சு. கீபோர்டு நழுவாம இருக்க அடுக்களை டிராயர்ல விரிக்கிற ரப்பர் மேட்டை ஒரு துண்டு வெட்டி அடியில போட்டேன், செலவு அவ்வளவுதான். எக்ஸாமுக்கு எக்ஸ்ட்ரா டைம் கேட்டு இப்பவே எழுதிப் போடுங்க, எக்ஸாம் வாரத்துல போய் நின்னா ஒண்ணும் நடக்காது. யுகேஇசட்என் (குவாசுலு-நட்டால் யுனிவர்சிட்டி) மாதிரி பெரிய இடத்துல டிஸெபிலிட்டி இருக்கற பசங்களுக்குன்னு யூனிட்டே இருக்கு, பெர்மிட்ல இருக்கோமேன்னு தயங்காதீங்க.

நாஞ்சில்_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு வாரம் கழிச்சு வர்றேன், கோச்சுக்காதீங்க.

மெஷின் வாங்கல. தம்பி சொன்ன மாதிரி லெக்சரர்கிட்ட கேட்டா, ஒருத்தர் அன்னைக்கே எக்செல் அனுப்பிட்டாரு, இன்னொருத்தர் இன்னும் பதிலே போடல, அவரோட பிடிஎஃப் மட்டும் தினம் ராத்திரி நானும் அவளும் உக்காந்து சரி பண்றோம். டெபிட் கிரெடிட் எனக்கே மனப்பாடம் ஆயிடும் போல. சனிக்கிழமை சொல்லிக் குடுக்க காலேஜ்லயே ஒரு சீனியர் பையன் கிடைச்சிருக்கான், காசு வேண்டாம்ங்கறான், பஸ்ஸுக்காவது வாங்கிக்கடான்னு திட்டித்தான் குடுக்கறேன்.

அந்தக் குரல் ஸ்பீடை எங்கயோ ஏத்தி வச்சிருக்கா. எனக்கு சட்டியில கடுகு வெடிக்கிற மாதிரிதான் கேக்குது, அவ தலையாட்டிக்கிட்டே அடுத்த கட்டத்துக்குப் போயிட்டே இருக்கா.

சாட்ஸ்வர்த் தம்பி, அந்த ஃபார்முக்கு கண் டாக்டர் கையெழுத்துதான் வேணுமா, இல்ல ஃபேமிலி டாக்டர் போட்டாலும் போதுமா?

சாட்ஸ்வர்த்_பேரன்

எங்களுக்கு கண் டாக்டர்தான் போட்டாரு ஆன்ட்டி. போறப்ப ஃபார்மை பிரிண்ட் எடுத்து கையோட கொண்டு போங்க, அங்க இருக்காது.